மாமனாரின் தோட்டாக்களைக் குளிப்பாட்டிய கதை

மாமனார் வீட்டில் ஒரு மருமகன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடலாம், தூங்கச் சொன்னால் தூங்கலாம். அதற்கு மேல் ஏதாவது செய்து நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறவன் வம்பை விலைக்கு வாங்குகிறான். இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். (அந்த வயதில் யார் பேச்சைத்தான் கேட்டேன்?)

என் பெயர் சேவியர். ஈப்போக்காரன். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. இயந்திரத்திலிருந்து வந்து விழும் சாமான்களில் கறை இருக்கிறதா, பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒதுக்கித் தள்ள வேண்டும். நாள் முழுக்க இதையே செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கண் அழுக்கைத்தான் தேடும். தேவிகா தேநீர் கலக்கிக் கொடுத்தால் நான் முதலில் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்ப்பேன். இந்த வியாதியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேவிகா என் மனைவி. ஆயர் தாவார் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா முத்தையா, ஒரு பழைய பால்மரத் தோட்டத்தை (ரப்பர்தான்) துண்டு போட்டு விற்றபோது ஐந்து ஏக்கர் வாங்கி எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டவர். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மாதா கோயில் குடும்பம். அவர்கள் மாரியம்மன் கோயில் குடும்பம். கல்யாணத்துக்கு மாமா சம்மதித்தார், வந்தார், சாப்பிட்டார், போனார். ஆனால் என்னிடம் நேராகப் பேசவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் தேவிகாவைப் பார்த்து, "அவரைச் சாப்புடச் சொல்லு" என்பார். நானும் தேவிகாவைப் பார்த்து, "சாப்புடுறேன்னு சொல்லு" என்பேன். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முதல்முறையாக எங்களைக் கூப்பிட்டார்கள். தேவிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் எதைப் பேசுவது என்று கவலைப்பட ஆரம்பித்தேன். ஏனென்றால் மாமா மனம் விட்டுப் பேசும் விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். காட்டுப்பன்றி.

அவருடைய பழைய செம்பனை மரங்கள் கிழடு தட்டிவிட்டதால் அவற்றைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டிருந்தார். காட்டுப்பன்றிக்குச் செம்பனைக் கன்றின் குருத்து என்றால் உயிர். கூட்டமாக வந்து கன்றைப் பிடுங்கிப் போட்டு, குருத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். முதல் நடவு போயிற்று. இரண்டாவது நடவு பாதி போயிற்று. இப்போது நிற்பது மூன்றாவது. இதைக் காப்பாற்ற மாமாவிடம் இருந்தது ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அதற்கான லேசென்சும். அந்த லேசென்ஸ் அவருக்கு உயிர். பல வருடங்களாக ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் புதுப்பித்து வைத்திருந்தார். லேசென்ஸ் போனால் துப்பாக்கி போகும், துப்பாக்கி போனால் கன்றுகள் போகும், கன்றுகள் போனால் ஐந்து ஏக்கரும் புல்லுக்காடுதான்.

சரி, மாமாவோடு பேச வேண்டுமானால் துப்பாக்கியைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பூசைக்கு முன்னால் சில வாரங்கள் யூடியூபிலேயே குடியிருந்தேன். அதில் ஒரு அமெரிக்கத் தாடிக்காரர் அகப்பட்டார். அவர் வேட்டையாடுவது பீவர் என்ற பிராணியை. தண்ணீரில் வாழும், மரத்தைக் கடித்துச் சாய்க்கும், ஆற்றுக்கு அணை கட்டும். (நம் ஊரில் இதைச் செய்வதற்கு அரசாங்கத்தில் தனி இலாகா இருக்கிறது.) பீவருக்கு எந்தத் துப்பாக்கி சரி, எந்தத் தோட்டா சரி, தண்ணீரில் பட்ட குண்டு எப்படித் தெறித்து வேறு பக்கம் போகும் என்றெல்லாம் அவர் அழகாகச் சொல்வார். ஒவ்வொரு வீடியோவிலும் முதலில், "உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது" என்று ரொம்ப நேரம் பேசுவார். அந்தப் பகுதியை நான் ஓட்டிவிடுவேன்.

பூசைக்கு முதல்நாள் காலையில் ஆயர் தாவாருக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா முன்கூடத்து மேசையில் செய்தித்தாளை விரித்துப் போட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் சிவப்புச் சிவப்பாகத் தோட்டாக்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

"மாமா, இதுக்குப் பதிலா சின்ன ரைபிள் வாங்கலாமே. பீவருக்கெல்லாம் அதுலதான் தலையப் பாத்து அடிக்கிறாங்க."

மாமா தேவிகாவைப் பார்த்தார். "பீவர்னா என்னான்னு கேளு."

"தண்ணில இருக்குமாம்பா. மரத்தக் கடிக்குமாம்."

"செம்பன திங்குமா?"

நான் தேவிகாவிடம், திங்காது என்று சொல்லச் சொன்னேன்.

"அப்றம் எதுக்கு அதப் பத்திப் பேசுறாரு?"

தேவிகா என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். ஆனாலும் பேச்சு துப்பாக்கியைத் தொட்டுவிட்டதால் மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ரைபிளுக்கு நமக்கு லேசென் குடுக்க மாட்டான். பயிரக் காப்பாத்துறவனுக்கு இந்த ஒத்தக்கொழல்தான். அதுவே சூசா, லேசுல கெடைக்காது. பன்னியச் சுடுறதுக்குக் காட்டு மிருக இலாகா லேசென் தனியா எடுக்கணும். அப்றம் தோட்டா. பன்னிக்கு எஸ்.ஜி. உள்ளாற பெரிய குண்டு கொஞ்சமா இருக்கும், கிட்டத்துல அடிச்சா அங்கனயே விழுந்துரும். இந்தா, இது நாலாம் நம்பரு, அணிலுக்கு. பொடிக் குண்டு. இதத் தெரியாம பன்னிக்குப் போட்டா தோல்ல குத்தி நிக்கும். காயம்பட்ட பன்னி எவன் எதுக்க வந்தாலும் கிழிச்சிரும், இல்லாட்டி எங்கயாச்சும் போயி கெடந்து நாளக்கணக்கா சாவும். அது பெரிய பாவம் லா. ஒத்தக் குண்டுத் தோட்டாவும் ஒன்னு இருக்கு. அது பனைச் சந்துக்குள்ளாற நேராப் போயி அடுத்த நெலத்துல வேல செய்யிறவன அடிக்கும். நான் வாங்குறதே இல்ல."

எஸ்.ஜி.யும் நாலாம் நம்பரும் ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு, ஒரே நீளம். உடம்பில் அச்சடித்த எழுத்தை வைத்துத்தான் எது எது என்று தெரியும். அதையும் விரல் வைத்துக் காட்டினார். நான் எழுத்தைப் பார்க்கவில்லை. தோட்டாக்களின் மேல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அப்பியிருந்த பிசுக்கைப் பார்த்தேன். கண் அங்கேதான் போயிற்று.

அந்த நேரம் பார்த்து மாமாவின் கைத்தொலைபேசி அடித்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஆ லெக். பட்டப்பகலிலேயே பன்றிக் கூட்டம் ஓடைப் பக்கம் நிற்கிறது என்றார். அக்கம்பக்கத்தில் ஆள் வேலை செய்யும் நேரத்தில் மாமா சுடுவதில்லை, சத்தம் போட்டு விரட்டத்தான் போவார். மாமா அவசர அவசரமாகத் துப்பாக்கியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பிஸ்கட் டின் மேசையிலேயே இருந்துவிட்டது. வாசலைத் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தார். தேவிகாவை அல்ல, என்னை.

"தம்பி, சாமானப் பாத்துக்குங்க. வாரேன்."

ஒரு வருடத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதன் அர்த்தம் மிகவும் எளிது. யாரும் தொடாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான். ஆனால் பின்கட்டில் அத்தை என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? பூசைக்கு வைக்க வேண்டிய சாமான்களையெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாராங் கத்தி, மண்வெட்டி, செம்பனைக் குலை வெட்டும் அருவாள், தள்ளுவண்டி, தாத்தா காலத்துப் பால்வெட்டுக் கத்தி, எல்லாம் சோப்பு நுரையில் மின்னின.

"அத்தை, எல்லாத்தையும் கழுவணுமா?"

"ஆமா தம்பி. நாளைக்குப் பொட்டு வக்கிறோம்ல. அழுக்கோட வைக்கக் கூடாது."

போதாதா? மாதா கோயிலில் வளர்ந்தவனுக்கு ஆயுத பூசையின் சட்டதிட்டம் என்ன தெரியும்? ஆயுதங்களைக் கழுவ வேண்டும். இந்த வீட்டிலேயே பெரிய ஆயுதம் மாமாவுடையது. அதைக் கழுவும் பொறுப்பை அவர் தன் வாயாலேயே என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கணக்கு சரியாக வந்தது.

ஒரு பேசினில் தண்ணீர் பிடித்தேன். எலுமிச்சை வாசனை போட்ட சோப்பை, பீங்கான் கழுவ வைத்திருந்ததை, தாராளமாக ஊற்றினேன். தோட்டாக்களை ஊற வைத்தேன். (ஊற வைத்தால் பிசுக்கு இளகும், இது தொழிற்சாலைப் பாடம்.) ஊறிய பிறகு இரும்பு நார் போட்டு ஒவ்வொன்றையும் தேய்த்தேன். உடம்பில் ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, சுலபத்தில் போகவில்லை. நானா விடுவேன்? அழுத்தித் தேய்த்தேன். போயிற்று. அது எஸ்.ஜி. என்ற எழுத்து.

கழுவி முடித்தபின் காய வைக்க வேண்டும். வானம் மூடிக்கொண்டு நின்றது. வெயிலுக்கு வழியில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சமையலறையில் மின்சார அடுப்பு இருந்தது. தட்டில் வரிசையாக அடுக்கி மெல்லிய சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் நன்றாகக் காய்ந்துவிடுமே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்பைத் திறந்தால் உள்ளே தேவிகாவின் வெண்ணெய் கேக் அரைவேக்காட்டில் உட்கார்ந்திருந்தது.

"கதவ மூடுங்க லா, கேக் அமுங்கிரும்" என்று தேவிகா வள்ளென்று விழுந்தாள். நான் மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேக்குக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், முழங்கால் போட்டு. அது கொஞ்சம் முன்னதாக வெந்திருந்தால் அந்தச் சமையலறையும் இருந்திருக்காது, இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது. தேவிகா எந்தக் கேக் செய்து கருக்கினாலும் அதன் பிறகு நான் வாய் திறந்ததில்லை. கடைசியில் தேவிகாவின் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து தோட்டாக்களுக்குக் காற்று காட்டினேன். பிறகு சந்தனம் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு, அதன் மேல் குங்குமம். சாமிமேடைக்கு முன்னால் ஒரு வெற்றிலைத் தட்டில் வட்டமாக அடுக்கி நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. படம்கூட எடுத்தேன்.

மாமா திரும்பி வந்தார். பன்றிகள் ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டனவாம். சாயங்காலம் கட்டாயம் வரும், துப்பாக்கியோடு காத்திருக்கப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே டின்னைத் தேடினார். நான் பெருமையோடு சாமிமேடையைக் காட்டினேன்.

அவர் சாமிமேடைக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு தோட்டாவை எடுத்தார். புரட்டினார். சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே சளசளவென்று ஏதோ கேட்டது.

"என்னா செஞ்சீங்க?"

"கழுவுனேன் மாமா."

"எல்லாத்தையுமா?"

"ஒன்னு விடாம."

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சின்னக் குரலில் அத்தையிடம் சொன்னார்.

"எது பன்னிக்கு, எது அணிலுக்குன்னு தெரியல. உள்ளாற தண்ணி போயிருக்கு. போட்டா வெடிக்குமா வெடிக்காதான்னும் தெரியல. பாதி வெடிச்சுக் கொழல்ல சிக்கிக்கிச்சுன்னா அடுத்த தோட்டாவுக்கு என் மூஞ்சி போயிரும். ஒன்னும் ஆவாது. எல்லாம் போச்சு. புதுசு வாங்குறதுக்கும் சும்மா கடைக்குப் போயி வாங்கிற முடியாது. போலீஸ் பாலாய்ல போயி என்னா ஆச்சுன்னு சொல்லணும். லேசென் இல்லாத ஆளு தொட்டாருன்னு தெரிஞ்சா என் லேசென்ன புடுங்கிருவான். அவரையும் உள்ள வச்சிருவான்."

அவரையும் என்றால் என்னை. அப்போதுதான் தாடிக்காரர் ஒவ்வொரு முறையும் முதலில் பேசியது என்ன என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. தேவிகா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

சாயங்காலம் பன்றிகள் சொன்ன சொல் தவறாமல் வந்தன. துப்பாக்கி அலமாரியில் பூட்டிக்கிடக்க, நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு தகர டின்னும் கட்டையுமாகக் கன்றுகளுக்கு நடுவில் நின்றோம். மாமா ஒரு மூலை, அத்தை ஒரு மூலை, தேவிகா ஒரு மூலை. என்னை ஓடைப் பக்கம் நிறுத்தினார்கள். (குற்றவாளிக்கு அந்த மூலைதான் கிடைக்கும்.) புல் அசைந்தது. ஒரு பெரிய ஆண் பன்றி வெளியே வந்து என்னைப் பார்த்தது. நான் டின்னைத் தட்ட வேண்டும். கை வரவில்லை. தாடிக்காரர் பீவருக்குச் சொன்ன எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, ஒன்றுகூடப் பன்றிக்குப் பொருந்தவில்லை.

"தட்டுங்க தம்பி" என்று மாமா தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

நான் டின்னைத் தட்டுவதற்குப் பதிலாகப் பன்றியின் மேல் வீசிவிட்டு ஓடினேன். டின் பன்றிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்து பெரிய சத்தம் போட்டது. பன்றி மிரண்டு என் பக்கமே ஓடி வந்தது. நான் கன்றுகளின் மேலேயே ஓடி, கால் இடறி, ஓடையில் இடுப்பளவு சேற்றில் விழுந்தேன். பன்றி என்னைத் தாண்டிக் குதித்து அக்கரைக்குப் போய்விட்டது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் போயிற்று. நான் விழுந்த சத்தத்தில்தான் அவை ஓடின என்று தேவிகா இன்னும் சொல்கிறாள். அன்றைக்குப் பன்றி ஒரு கன்றைக்கூடத் தொடவில்லை. நான் மிதித்து முறித்தது மட்டும் ஏழெட்டு இருக்கும். மாமா வந்து கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். முறிந்த கன்றுகளைப் பார்த்தார். என் முதுகில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார்.

மறுநாள் பூசை எளிமையாக முடிந்தது. தட்டில் தோட்டா இல்லை. பூசை முடிந்ததும் மாமா கல்யாணத்துக்குப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தோட்டாக்களை டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு என்னையும் காரில் ஏறச் சொன்னார். வழியில் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க ஒன்னும் பேச வேணாம். நான்தான் கழுவுனேன்னு சொல்லிக்கிறேன்."

"வேணாம் மாமா. தப்பு என்னோடது."

"நான்தான் டின்ன மேசையில வச்சிட்டுப் போனேன். பேசாம வாங்க லா."

காவல் நிலையத்தில் துப்பாக்கி லேசென்ஸைப் பார்க்கும் சார்ஜன் ஒரு மலாய்க்காரர், கனத்த மீசை, அமைதியான ஆள். மாமாவோடு அவருக்குப் பல வருடப் பழக்கம். பேசியது மலாயில், நான் தமிழில் சொல்கிறேன். (துவான் என்றால் ஐயா.) மாமா நின்றபடியே, பூசைக்காகத் தோட்டாக்களைத் தானே கழுவிவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய காது சிவந்துபோயிருந்தது. இவ்வளவு வருடம் துப்பாக்கி வைத்திருக்கிற மனிதர், தோட்டாவைத் தண்ணீரில் போடுகிற அளவுக்குப் புத்தி கெட்டவர் என்று சார்ஜன் நினைத்துவிட்டால், அந்த ஒரு காரணமே லேசென்ஸைப் பிடுங்கப் போதும்.

சார்ஜன் ஒரு தோட்டாவை எடுத்தார். எழுத்தில்லாத அதன் மொட்டை உடம்பைத் தடவிப் பார்த்தார். முகர்ந்தார்.

"நல்ல வாசனையா இருக்கே. எந்தச் சோப்பு போட்டீங்க, முத்தையா?"

மாமா விழித்தார். பிறந்ததிலிருந்து ஒரு பீங்கானைக்கூடக் கழுவியறியாதவர். அவருக்குச் சோப்பின் பெயர் எப்படித் தெரியும்?

"துணி தொவைக்கிற தூள், துவான்."

"தூளா?" சார்ஜன் இன்னொரு முறை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான், என்னால் அடக்க முடியவில்லை. "பீங்கான் கழுவுற சோப்பு, துவான். எலுமிச்சை வாசனை. இரும்பு நாரும் போட்டேன். நான்தான் கழுவுனேன். அவருக்கு ஒன்னுமே தெரியாது" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.

"ஏன் கழுவுனீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, துவான்."

சார்ஜன் தோட்டாவை மேசையில் வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த ஸ்டேஷனிலேயே தமிழ் கோப்பரல் ஒருவர் வருடா வருடம் தன் மோட்டாருக்குப் பொட்டு வைக்கிறார், அதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் தோட்டாவுக்குச் சோப்பு போட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு குரல் மாறியது. லேசென்ஸ் இல்லாதவன் தோட்டாவைக் கையில் வைத்திருந்தால் என்ன தண்டனை தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். சொன்னார். அந்த வருடங்களை என் வயதோடு கூட்டிப் பார்த்தேன்.

"இவர் உங்களுக்கு யார்?" என்று மாமாவைக் கேட்டார்.

"இனி அனாக் சாயா, துவான்."

இது என் பிள்ளை என்றார். மருமகன் என்று சொல்ல மலாயில் சொல் இருக்கிறது, மெனந்து. மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும். சார்ஜனும் சந்தேகத்தோடு, "மருமகன்தானே?" என்று கேட்டார்.

"பிள்ளைதான், துவான். அவசரத்துல நான் பூட்டாமப் போனது என் தப்பு. பிள்ளைய ஒன்னும் செஞ்சிராதீங்க. எனக்கு என்னா செய்யணுமோ செய்யுங்க. லேசென்ன வேணும்னா எடுத்துக்குங்க."

அந்த லேசென்ஸ் அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். மூன்றாவது நடவு எந்த நிலையில் நிற்கிறது என்றும் தெரியும், அதில் ஏழெட்டை மிதித்தவனே நான்தான். அதை எனக்காகத் தூக்கிக் கொடுக்கிறேன் என்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. காவல் நிலையத்தில் நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல். சார்ஜன் மேசையிலிருந்த டிஷ்யூ காகிதப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அவர் லேசென்ஸை எடுக்கவில்லை. பொய் சொன்னதற்கு மாமாவையும், தொட்டதற்கு என்னையும், ஒருவர் பின் ஒருவராக நிற்க வைத்து நன்றாகத் திட்டினார். மாமாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இன்னொரு தடவை என்றால் பேச்சே கிடையாது. குளித்த தோட்டாக்களை அழிப்பதற்கு எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்ப்பேன், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு போட்டிருந்தால்தான் புதிது வாங்க அனுமதி என்றார். சொன்னபடி வந்து பார்த்தார். அன்றைக்குத் தேவிகா கேக் வெட்டிக் கொடுத்தாள். அன்று அடுப்பிலிருந்த கேக் உயிர் காத்த கதையைக் கேட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காவல் நிலையத்திலிருந்து திரும்பும்போது மாமா ரோட்டோர ஒட்டுக்கடை ஒன்றில் காரை நிறுத்தினார். இரண்டு தேதாரே சொன்னார். தேநீர் வந்ததும் நான் பழக்கதோஷத்தில் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"சுத்தமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாமா."

"அப்ப குடிங்க." ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தப் பீவர்க்கு என்னா தோட்டா போடுறாங்கன்னு சொன்னீங்க?" என்றார். நான் எனக்கு ஒன்றும் தெரியாது மாமா என்றேன். முதல்முறையாக அவர் என் எதிரில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து இருமி, தேநீர் சட்டையெல்லாம் சிந்தியது.

அனுமதி கிடைத்ததும் ஈப்போவில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்கு மாமாவே வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரச் சீனரிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டு, என்னைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். எஸ்.ஜி. மட்டும் வாங்கினார். அணிலுக்கு இனி வேண்டாம், ரெண்டு வகை இருந்தால்தானே குழப்பம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு பன்றி விழுந்தது. கறியைக் கூறு போட்டதும் முதல் கூறு ஈப்போவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது, அத்தை அரைத்த மசாலையோடு. மூன்றாவது நடவு தப்பிவிட்டது. நான் முறித்த இடங்களில் மட்டும் மாமா மறுபடி கன்று வைத்தார். அந்த மரங்கள் இப்போது குலை தள்ளுகின்றன, மற்ற மரங்களைவிடக் குட்டையாக. யார் நிலத்தைப் பார்க்க வந்தாலும், "இது சேவியர் வரிசை" என்று மாமா காட்டிவிடுவார்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நாங்கள் ஆயர் தாவாருக்குப் போய்விடுகிறோம். அத்தை சாமான்களைக் கழுவுவார்கள். நான் பின்கட்டுப் பக்கமே போவதில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய அலமாரிக்குள்ளேயே இருக்கும், வெளிக்கதவுக்கு மட்டும் ஒரு பொட்டு. அதற்கு முன்னால், எல்லாச் சாமானுக்கும் முன்னால், மாமா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். வந்திருக்கும் சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, ஒவ்வொரு கைக்கும் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைப்பார்.

"இந்த வீட்டுல லேசென் இல்லாத ஆயுதம் இது ரெண்டுதான்" என்பார்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்றைக்கு முழுக்க, அந்தச் சந்தனம் காய்ந்து தானாக உதிரும்வரை, நான் கை கழுவுவதில்லை.